வலப்பக்கம் மேலே ஒரு நிழல்

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் படிப்பை முடித்துவிட்டு, கெடா மாநிலத்தில் கோலா கெத்திலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வரிசை வீடு எங்களுடையது. அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். அம்மாவுக்கு வீட்டு வேலை, கோயில், அப்புறம் என்னைத் திட்டுவது.

நான் படித்தது சின்னப் பிள்ளைகளுக்கான கல்வி. காப்பகத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, பாடுவது, பழக்குவது. அம்மாவுக்கு அந்தப் படிப்பின் மேல் கடைசிவரை மரியாதை வரவில்லை. "நம்ம எஸ்டேட்டு ஆயா படிக்காமலே பாத்த வேல லா அது. அதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன?" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அங்கே அந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை. நான் பயிற்சி எடுத்த காப்பகமே வேலை தருகிறேன் என்றது. அதை வைத்து பி.ஆருக்கு விண்ணப்பித்தேன். அது கிடைத்தால் அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்கலாம். கிடைக்காவிட்டால், மாணவர் விசா முடிகிற அன்றைக்கே எல்லாம் முடிந்தது.

எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி. ஆஸ்திரேலியக் குடிநுழைவுத் துறை ஒப்புக்கொண்ட மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். எங்களுக்குப் பக்கம் என்றால் பாலத்தைத் தாண்டி, பினாங்கில். அதை ஊருக்குப் போய் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? சோதனை ஒரு சாக்கு. என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்தப் பிஞ்சைப் பார்க்கத்தான் ஓடி வந்தேன்.

அக்காவைச் செமிலிங்கில் கொடுத்திருக்கிறோம். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. நாற்பது நாள் முடியும்வரை தாயும் பிள்ளையும் வாசல்படி தாண்டக்கூடாது, வெளியாள் குழந்தையைத் தொடக்கூடாது என்று அம்மாவின் சட்டம். நான் வெளியாளா என்ன? காலையில் கண் விழித்ததும் போய்த் தூக்குவேன், பால் குடிக்கும்போதுதான் திருப்பிக் கொடுப்பேன். கன்னம், நெற்றி, கழுத்து மடிப்பு என்று ஓர் இடம் விடாமல் முத்தம். அக்கா முறைப்பாள். "தூக்கித் தூக்கிப் பழக்காத டீ. நீ பிளேன் ஏறிடுவ, அப்பறம் நான்தான் மாரடிக்கணும்." நான் காதிலேயே வாங்கிக்கொள்ள மாட்டேன்.

பிளேனில் வந்ததிலிருந்து எனக்கு லேசான இருமல் இருந்தது. ஏர்கோன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவமனைக்குப் போகிற அன்று அம்மா விடியற்காலையிலேயே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றுவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகிறவள் தலை முழுகாமல் போகலாமா? தப்பிக்க முடியவில்லை. எனக்கு முடி கொஞ்சம் அதிகம். இடுப்புக்குக் கீழே தொங்கும். வெயிலில் காய்வதற்கே அரை நாள் பிடிக்கும், அன்றைக்கோ மழை. விரித்துவிட்டபடியே போகிறேன் என்றேன். "தலைய விரிச்சிப் போட்டுகிட்டு யாராச்சும் நல்ல காரியத்துக்குப் போவாங்களா?" என்று அதட்டி, ஈரத்தோடும் எண்ணெயோடும் தாம்புக் கயிறு மாதிரி இறுக்கிப் பின்னி, மடித்துக் கட்டி, நெற்றியில் விபூதி வைத்து அனுப்பினார். பள்ளி விடுமுறை, வேன் சும்மாதான் நின்றது. அப்பா ஓட்டிக்கொண்டு போனார்.

இரத்தம் எடுத்தார்கள், கண் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். கடைசியாக எக்ஸ்ரே. முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் அங்கியைக் கொடுத்தார்கள். சங்கிலி, தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள், பிடித்தேன், விடு என்றார்கள், விட்டேன். அவ்வளவுதான். திரும்பும் வழியில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு அப்பாவும் நானும் ஜாலியாக வீடு வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டது. கைப்பேசி அடித்தது. மருத்துவமனைத் தாதி. எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல் தெரிகிறது, டாக்டர் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்கிறார், தேவைப்பட்டால் சளியையும் சோதிக்க வேண்டிவரும் என்றார். என்ன நிழல் என்று கேட்டேன். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இருமல் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். "வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முடிவு தெரியும்வரை தள்ளியே இருங்கள்" என்றார். திங்கட்கிழமைதான் வர முடியுமாம்.

குழந்தையைத் துணியில் கிடத்திவிட்டு வெளியே வந்தேன்.

முதலில் எனக்கு வந்தது பி.ஆர். பயம்தான். நிழல், இருமல், சளிச் சோதனை என்றால் அவர்கள் சந்தேகப்படுவது காசநோயைத்தான். அதற்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து. அதுவரை கோப்பு நகராது. மாணவர் விசா முடிந்துவிடும். காப்பகம் காத்திருக்குமா? நுரையீரலில் நோய் இருந்தவளைக் குழந்தைகள் பக்கத்தில்தான் விடுவார்களா? அப்பா வேன் ஓட்டி ஓட்டிப் படிக்க வைத்த படிப்பு ஒரு படத்தில் போயிற்றே என்று வாசலில் நின்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே குழந்தை அழுதது.

அந்த அழுகைச் சத்தத்தில்தான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. ஐயோ, நான் இந்த இரண்டு வாரமாக அவள் முகத்துக்கு நேரே மூச்சு விட்டிருக்கிறேனே! இருமியிருக்கிறேனே! அதற்குமேல் பி.ஆராவது ஒன்றாவது. சத்தியமாக அது என் நினைப்பிலேயே இல்லை.

எங்கள் குடும்பத்தில் இந்த நோய்க்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது என் சித்தப்பா இதில்தான் போனார். வெளியே நிமோனியா என்று சொன்னார்கள். ஆனால் அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை வைத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் அவர் இருமும்போது அக்காவும் நானும் காதைப் பொத்திக்கொள்வோம். அந்தச் சத்தம் இப்போது என் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

வீட்டுக்குள் போகவில்லை. முகக்கவசம் ஒன்று வேனில் கிடந்தது, மாட்டிக்கொண்டேன். வேனிலேயே கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். தேடிக்கொண்டு வந்த அம்மாவிடம் ஜன்னல் வழியாகச் சொன்னேன். "வாயக் கழுவு. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்றார். சொன்னாரே தவிர, அவர் கை வேன் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அக்காவிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கேட்டாள்: "எத்தன தடவ முத்தம் குடுத்த?"

கன்னம், நெற்றி, கழுத்து என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

"எத்தன தடவ டீ குடுத்த? வாயிலயும் குடுத்தியா?" என்று கத்தினாள். அப்புறம் அழுதாள். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் நானும் அழுதேன். போனை யார் முதலில் வைத்தோம் என்று தெரியாது.

எங்கள் கெடாவில் அரசாங்கக் கிளினிக்குகளுக்கு வெள்ளி, சனி விடுமுறை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சனி, ஞாயிறு. இங்கே திறந்தால் அங்கே அடைப்பு. அன்றுவரை நீண்ட விடுமுறை கிடைத்தால் கொண்டாடியவள், அந்த வாரம் காலண்டரைப் பார்த்துச் சபித்தேன். சுங்கைப் பட்டாணியில் தனியார் ஆஸ்பத்திரியில் இன்னொரு படம் எடுத்துவிடலாமே என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்று அவர் மேல் பாய்ந்தேன். திங்கட்கிழமையானால் திங்கட்கிழமை. இன்றைக்கே போய், இன்றைக்கே "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் அதை யார் தாங்குவது?

சனிக்கிழமை முழுக்க வேனில்தான். கைப்பேசியில் நோய் அறிகுறிகளைத் தேடித் தேடிப் படித்தேன். எடை குறையுமாம், இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். பசிக்காதாம், ஆமாம், பசிக்கவில்லை. இரவில் வியர்க்குமாம். மின்விசிறி இல்லாத வேனில் படுத்தால் யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் அன்றைக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. ஒவ்வொரு அறிகுறியும் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. அப்பா தட்டில் சோறு கொண்டுவந்து வேன் படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று எதையாவது பேசுவார். டயர் தேய்ந்துவிட்டது, மழை விடமாட்டேன் என்கிறது, இப்படி. நான் ஊம் கொட்டுவேன்.

சாயங்காலம் குழந்தை தும்மியது. இரண்டே தும்மல். அதுவரை பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த அம்மாவின் சத்தம் நின்றது. அப்பா பேச்சை நிறுத்தினார். அக்காவின் அறையில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது தும்மல் வரக்கூடாதே என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். பிறந்தபோதே காசநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, குழந்தை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்கள் தங்கையின் முடிவு தெரியும்வரை ஒரே வீட்டில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அதற்குமேல் பேசவே இடமில்லை. செமிலிங்குக்கு அழைத்துப் போகிறேன் என்றார் அவர். நல்ல மனிதர்தான், என் மேல் பிரியமானவர்தான். அன்றைக்கு வேன் பக்கமே முகத்தைத் திருப்பவில்லை. அம்மா நாற்பது நாள் ஆகவில்லையே, ஈரக்காற்றாயிற்றே என்று புலம்பிக்கொண்டே துணிமணிகளை மூட்டை கட்டினார். நான் வேறெங்காவது போய்விடுகிறேன், அவர்கள் இருக்கட்டும் என்று கத்தினேன். நான் இருந்த வீடே வேண்டாம் என்று அவர்கள் பயந்தபிறகு யார் கேட்பார்கள்?

அக்கா குழந்தையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி காரில் ஏறினாள். கார் வேனை ஒட்டித்தான் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால்தானே பச்சை உடம்புக்காரி பிறந்த வீட்டைவிட்டுப் போகிறாள் என்று நினைத்ததும், இருக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை விடிந்தது. குளித்துவிட்டு வேனுக்கு வந்து உட்கார்ந்தால், பின்னாலேயே அம்மா வருகிறார். கையில் அதே எண்ணெய்க் கிண்ணம், அதே சீப்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒரு தடவ நல்ல காரியம்னு போயிட்டு வந்தது போதாதா? கிட்ட வராதீங்கம்மா. மாஸ்க்காவது போடுங்க."

"எம்புள்ள கிட்ட வர்றதுக்கு எனக்கு எவன் பெர்மிட் குடுக்கணும்? திரும்பு அந்தாண்ட."

பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தன் பக்கம் இழுத்து, சிக்கெடுத்துப் பின்ன ஆரம்பித்தார். அந்தச் சில நாளில் என்னைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சைக்கூட ஜன்னல் பக்கமாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவமனையில் இந்த முறை எக்ஸ்ரே அறையில் ஒரு மலாய் அக்கா இருந்தார். நான் அங்கியின் முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்ப்பதைப் பார்த்து, "தாக்குட்?" என்று கேட்டார். ஆமாம், பயமாக இருக்கிறது என்று தலையாட்டினேன். பின்னல் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. போன தடவை மாதிரியே அதை முன்னால் இழுத்து, வலது தோளோரமாக அங்கிக்குள் சொருகிக்கொண்டு பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றேன். அவர் என் தோளைச் சரிசெய்ய வந்தவர் நின்றுவிட்டார். அங்கி புடைத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே கைவிட்டு அந்த ஈரப் பின்னலை வெளியே இழுத்தார். போன தடவையும் இப்படியேதான் நின்றாயா என்று மலாயில் கேட்டார். இப்படியேதான் என்றேன். முடியைச் சுருட்டி என் உச்சந்தலையில் கொண்டையாகத் தூக்கிவைத்து ஒரு கிளிப்பை மாட்டினார். பிறகுதான் படம் எடுத்தார்.

காத்திருந்த நேரத்தில் அப்பா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தார். டாக்டர் கூப்பிட்டார். நடுவயதுச் சீனப் பெண்மணி. கணினித் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் வலப்பக்கம் மேலே புகை படிந்ததுபோல் ஒரு திட்டு. இரண்டாவதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. என்னைத் திரும்பச் சொல்லி முடியைப் பார்த்தார். சிரித்துவிட்டார். இவ்வளவு அடர்த்தியான பின்னல், அதுவும் ஈரத்தோடு நுரையீரலுக்கு நேரே கிடந்தால் படத்தில் நிழலாக விழும், அது நோய் மாதிரியே தெரியும் என்று விளக்கினார். நெஞ்சில் ஒன்றுமில்லை. இருமல் வெறும் சளி.

நான் கேட்ட முதல் கேள்வி: "அப்படியென்றால் குழந்தையைத் தூக்கலாமா?"

"யாருடைய குழந்தையை?" என்றார் டாக்டர், ஒன்றும் புரியாமல். அப்பாதான் சொன்னார். முடிவை அன்றைக்கே அனுப்பிவிடுவதாக டாக்டர் சொன்னதையும், பி.ஆருக்குத் தடை ஒன்றும் இல்லை என்று சொன்னதையும்கூட, வேனில் அப்பா ஞாபகப்படுத்தித்தான் நான் கேட்டேன்.

பாலம் தாண்டியதும் அப்பா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அப்பாடா, முருகா!" என்றார். அடுத்த மூச்சிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். "எஞ் ஜட மேல பழி போடாத. நான் பின்னுனதுல என்னா கோளாறு? அவனுக்குப் படம் புடிக்கத் தெரியல லா!" இன்றுவரை அவர் கட்சி அதுதான்.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஊருக்குப் பிரிகிற இடம் வந்தது. அப்பா திரும்பவில்லை. நேரே விட்டார். எங்கே போகிறோம் என்று நானும் கேட்கவில்லை.

செமிலிங்கில் அக்காவின் மாமியார் கேட்டைத் திறந்துவிட்டார். நான் உள்ளே போகாமல் வெளிக் குழாயில் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினேன். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வாசலுக்கு வந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்பாள் என்று நினைக்காதீர்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"நான் அப்டித்தான் செய்வேன். நாளைக்கே இன்னொரு தடவ வந்தாலும் அப்டித்தான் செய்வேன்" என்றாள்.

"செய்யி. செய்யலன்னாதான் நான் ஒன்னத் திட்டியிருப்பேன்" என்றேன்.

"எடு அந்த மாஸ்க்க. மூஞ்சி தெரியாம பாப்பா பயப்படுது" என்று சொல்லிக் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

முத்தம் கொடுக்க என்னால் முடியவில்லை. டாக்டர் சொன்னபிறகும், படத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தபிறகும் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளுடைய பிஞ்சுப் பாதத்தை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவள் ஓர் உதை விட்டாள். அதற்கு நான் அழுத அழுகையைப் பார்த்து அக்காவின் மாமியாரே பயந்துவிட்டார்.

சில மாதங்களில் பி.ஆர். வந்தது. இதை அடிலெய்டில் இருந்துதான் எழுதுகிறேன். காப்பகத்தில் தினமும் குழந்தைகள் என் மேல் வந்து ஏறுகின்றன, தூக்கிக்கொள்கிறேன். அக்காவின் மகள் இப்போது நடக்கிறாளாம், கைப்பேசித் திரையில் என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். மூன்று நாள் தள்ளி இருக்க முடியாமல் யாருக்காகத் துடித்துப்போனேனோ, அவளைவிட்டு வருடக்கணக்கில் தள்ளி இருக்கத்தான் இந்த அனுமதியை அப்படி ஆசை ஆசையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.